உள்ளே போகும் ஆம்

ஸ்டூருமானில் ஆம் என்பதற்கு எழுத்து கிடையாது.
உதட்டைக் குவித்து
சுப்பென்று காற்றை உள்ளே இழுப்பார்கள்,
சூடான கஞ்சியைக் கரண்டி நுனியில் உறிஞ்சுவது போல.
அவ்வளவுதான், சம்மதம்.

எனக்கு இது தெரியாது.
நான் தெற்கே, மால்மோக்காரன்.
எங்கள் பக்கம் ஆமை வெளியேதான் விடுவோம்.

நான் செய்த கருவி மேசை ஓரம் உட்கார்ந்து கேட்கும்.
நோயாளி பேசப் பேச
மருத்துவக் குறிப்பு தானாக வளரும்.
"உங்கள் மாலை நேரம் உங்களுக்கே"
என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தோம்,
பச்சை எழுத்தில்.

மூன்றாம் வாரம் டாக்டர் குன்வோர் அழைத்தார்:
"எங்கள் ஊரே மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது.
வந்து பாருங்கள்."

போனேன். மைனஸ் இருபத்தெட்டு.
மூக்கு மயிர் கண்ணாடியாய் உடையும் குளிர்.
திரையைத் திருப்பிக் காட்டினார்.
முழங்கால் வலியோடு வந்த டோர்ஞி: மூச்சுத்திணறல்.
காதடைப்புக்கு வந்த சிக்னில்ட்: மூச்சுத்திணறல், நான்கு முறை.
ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் காட்ட வந்த ஒருவர்:
கடும் மூச்சுத்திணறல்,
இதய நிபுணரிடம் அனுப்பப் பரிந்துரை.
பாவம், மரியாதைக்காரர்.
எதைக் கேட்டாலும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அன்றிரவே விடுதி அறையில்
நூற்றுப்பன்னிரண்டு உள்மூச்சுகளை நறுக்கியெடுத்து
ஒவ்வொன்றின் அடியிலும் ஆம், ஆம், ஆம் என்று
சீட்டு ஒட்டினேன்.
கருவி படித்துக்கொண்டது.
வடக்கு வழக்கு புரிந்த முதல் கருவி என்று
அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.
எனக்குக் கிரீம் அதிகமுள்ள துண்டு.

மார்ச், ஒரு செவ்வாய்.
யால்மர், அறுபத்தொன்பது வயது,
பனிவாரி வண்டி ஓட்டுகிறவர்.
மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா? ஆம்.
தூக்கம் பரவாயில்லையா? ஆம்.
படியேறச் சிரமம் ஒன்றும் இல்லையே? ஆம்.
ஆம்.
ஆம்.

கையெழுத்துக்கு முன் முழுதும் வாசிக்கும் பழக்கம் குன்வோருக்கு.
அந்த வட்டாரத்தில் அப்படி மூன்று பேர்தான் இருக்கிறார்களாம்.
கடைசி இரண்டு ஆமில் அவர் விரல் நின்றது.
அப்போது நான் எதையும் கேட்கவில்லையே.
முகவரி சரிபார்த்துக்கொண்டல்லவா இருந்தேன்.

கோட்டுகூடப் போடாமல் ஓடியிருக்கிறார்.
வண்டிகள் நிற்கும் இடத்தில்
சாவியைத் திருகிய கையோடு
யால்மர் இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

லிக்செலே ஆஸ்பத்திரி நூறு கிலோமீட்டர்.
பிழைத்துக்கொண்டார்.
என் கணக்கில் வராத பிழைப்பு.

அடுத்த சந்திப்புக்குத் தயாராகப் போனேன்:
இன்னும் ஆயிரம் மாதிரிகள், இரண்டாவது மைக்,
விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியோடு இணைப்பு.
குன்வோர் காபியைக் கீழே வைத்தார்.
"தெரியாததைத் தெரியாது என்று எழுத
அதற்குத் தெரியுமா?"
தெரியாது, என்றேன்.

இந்த வசந்தம் முழுக்க அந்த ஒரு வேலைதான்.
மஞ்சள் ஓரம் போட்ட காலிப் பெட்டி.
பக்கத்தில் இரண்டு வினாடி ஒலி.
மருத்துவர் கேட்டு, நினைத்துப் பார்த்து, நிரப்பும்வரை
கையெழுத்துப் பொத்தான் திறக்காது.

விற்பனைப் பிரிவு லுவீசா பெட்டியைக் கண்டாலே முகம் சுளிக்கிறாள்.
பெட்டி ஒன்றுக்குப் பதினொரு வினாடி,
நாளைக்கு முப்பது நோயாளி,
பச்சை எழுத்தில் கொடுத்த வாக்கு என்னாவது?
கூட்டிப் பார்த்தேன். அவள் கணக்கில் பிழையில்லை.
பெட்டியை எடுக்கவும் மனம் வரவில்லை.

நேற்று குன்வோரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
புதுப் பதிப்பு வந்து சேர்ந்ததா?
மறுமுனையில்
சுப்பென்று ஒரு காற்று.

கொஞ்சம் பொறுத்திருந்து
மாடிப்படி ஏறி வந்தீர்களா
என்று கேட்டேன்.